குட்டி ரயிலின் விசில்

ஏப்ரல் 22, செவ்வாய்

கோபம் வந்தால் கத்தாதீர்கள், எழுதித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ரத்தக் கொதிப்பு ஏறிப்போயிருக்கிறதாம். ஏறாமல் என்ன செய்யும்? நேற்று மீட்டிங் என்று கூப்பிட்டு, ரேஞ்சர் வான்மதி அம்மா ஒரு வழவழ காகிதத்தைக் காட்டினார். பேட்டரியில் ஓடும் ரயில். இன்ஜினுக்குப் புலி முகம். கண்ணில் சிவப்பு பல்பு. "கூ" என்பது ஸ்பீக்கரில் வருமாம். கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஓட்டத் தெரிந்தவனும் வேண்டாம். பட்டனை அமுக்கினால் போதும்.

மிருகக்காட்சி சாலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நிஜப் புலி கூண்டுக்குள் இருக்கிறது. ரயிலுக்கு எதற்குப் புலி முகம்? என் இன்ஜின் இடுப்பு உயரம்தான். ஆனாலும் அது இன்ஜின். நெருப்பு தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது, மூச்சு விடுகிறது. பெரிய ரயில்வேயில் ஓட்டிவிட்டு வந்தவன் நான். பொம்மை ஓட்ட வரவில்லை.

ரேஞ்சர் அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் பேச்சு முழுக்க வாய்க்குள்ளேயே இருக்கும். இந்தக் காலத்து அதிகாரிகள் எல்லோரும் அப்படித்தான். முணுமுணு என்று சொல்லிவிட்டு "சரிதானே?" என்பதை மட்டும் உரக்கக் கேட்பார்கள்.

டாக்டர் இன்னொரு டாக்டருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு தலைவலிக்குப் போனால் ஊரிலுள்ள டாக்டருக்கெல்லாம் பிழைப்பு தேடித் தருவார்கள். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை துவைக்கப் போய்விட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

பள்ளிக்கூட லீவு தொடங்கிவிட்டது. கூட்டம் தாங்கவில்லை.

எங்கள் தடத்தில் ஒரே ஒரு இடம்தான் ஆபத்தானது. நீர்யானைக் குளத்தை ஒட்டி ஜனங்கள் தண்டவாளத்தைக் கடக்கிற கேட். கேட் என்றால் ஒரு சங்கிலி, அவ்வளவுதான். அதற்கு முன்னால் மூங்கில் புதர் வளைவு. வளைவு திரும்பும்வரை எனக்குக் கேட் தெரியாது, கேட்காரி கொளஞ்சிக்கு ரயில் தெரியாது. அதனால் புதருக்கு முன்னால் நான் நீளமாக விசில் இழுப்பேன். அதைக் கேட்டதும் கொளஞ்சி சங்கிலியை மாட்டிவிட்டுப் பச்சைக் கொடியைப் பிடிப்பார். என் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஃபயர்மேன் இதாயத்துல்லா "கேட் பச்சை" என்று குரல் கொடுப்பான். நான் திருப்பி "கேட் பச்சை" என்பேன். ரயில்வேயில் இதுதான் பாடம். ஒருவன் சொல்ல வேண்டும், மற்றவன் திருப்பிச் சொல்ல வேண்டும். குட்டி ரயிலானால் என்ன? முறை என்று ஒன்று இருக்கிறது.

இதாயத்துக்குக் கொஞ்ச நாளாக ஒரு கெட்ட பழக்கம். குரல் கொடுப்பதோடு நிறுத்தாமல் என் தோளைத் தட்டுகிறான். பச்சை என்றால் ஒரு தட்டு, சிவப்பு என்றால் சட்டையைப் பிடித்தே இழுக்கிறான். இன்றைக்கு நன்றாகத் திட்டிவிட்டேன். "தொட்டுப் பேசாதடா, நான் என்ன மாடா?" என்றேன். அவன் சிரித்தான். என்னமோ சொன்னான். அடுத்த சுற்றிலும் தட்டினான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரன் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி என் மனைவி பிலோமினாவிடம் புகார் செய்திருக்கிறான். என் வீடு, என் டிவி. நியூஸ் வாசிக்கிற பெண் வாயை மெல்கிறாள், நான் என்ன செய்வது?

மே 2, வெள்ளி

விசிலில் முன்பு இருந்த காரம் இல்லை. நிலக்கரி மட்டம். கல்லும் மண்ணும் கலந்து அனுப்புகிறான். "பிரஷர் ஏறலடா" என்றால் இதாயத் மீட்டரைக் காட்டுகிறான். முள் சரியாகத்தான் நிற்கிறது. மீட்டரும் கெட்டுப்போயிருக்கும்.

மே 6, செவ்வாய்

விடுமுறை. பாய்லரைக் கழுவினோம். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கிறது. நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று எத்தனை தடவை கேட்டாயிற்று. நீர்யானைக்கு லாரியில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது. என் இன்ஜினுக்கு உப்புத் தண்ணீர். நீர்யானை என்ன, இந்த ஊர் மாப்பிள்ளையா?

மே 9, வெள்ளி

டாக்டர் சொன்னபடி எழுதி எதுவும் தீரவில்லை. ஆனாலும் எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இதாயத் தொழுகைக்குப் போவான். அவன் வரும்வரை ரயிலை நிறுத்தி வைப்பது வழக்கம். இன்றைக்கு ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை, பிள்ளைகள் வெயிலில் வாடிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு சுற்று எடுத்துவிடுகிறேன் என்றேன். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, "அண்ணே, நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க. ஒங்க கையப் புடிச்சுக் கேக்குறேன்" என்றான். அவனோடு சேர்ந்தால்தான் எனக்கு ஓட்டத் தெரியும் என்பது போல! எனக்கு வந்ததே கோபம். டிக்கெட் கொடுக்கிற லூர்துவைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பிவிட்டேன்.

மூங்கில் புதருக்கு முன்னால் விசிலை இழுத்தேன். நீளமாக இழுத்தேன். வளைவு திரும்பினால் சங்கிலி மாட்டவில்லை. கொளஞ்சி கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாருக்கோ குரங்குக் கூண்டுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு ஆள், தோளில் ஒரு பெண் குழந்தை. பிரேக்கை அழுத்தினேன். இன்ஜின் அவர் காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஆனால் மனுஷன் பதறிப் பின்னால் சாய்ந்ததில் குழந்தை ஜல்லியில் விழுந்துவிட்டது. முழங்கை முறிந்துவிட்டது. அந்தப் பிள்ளை வாய் திறந்து அழுத முகம் கண்ணிலேயே நிற்கிறது.

கொளஞ்சியை நான் திட்டியதில் என்ன தப்பு? அந்த அம்மாள் இரண்டு கையையும் விரித்து, திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "விசில் வரலய்யா. சாமி சத்தியமா விசில் வரல."

பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

மே 10, சனி

விசாரணை. ரேஞ்சர் அம்மா இன்றைக்குக் கொஞ்சம் உரக்கப் பேசினார்.

"சவரிமுத்து சார், விசில் அடிச்சீங்களா?"

"அடிச்சேன்."

"சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. எங்காதால கேட்டேன்."

லூர்துவைக் கேட்டார்கள். அவன் காதில் பாட்டு ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம், ஒன்றும் தெரியாதாம். அந்தச் சுற்றில் வந்தவர்கள் எந்தெந்த ஊரோ, போய்விட்டார்கள். கொளஞ்சி மட்டும் விசில் வரவில்லை என்றே நின்றார். ரேஞ்சர் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க பெரியவர். ஒங்க வார்த்தைய நம்புறேன்" என்றார். கொளஞ்சி காண்ட்ராக்ட் ஆள். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேலிடத்து உத்தரவு வந்ததும் பெயரையே எடுத்துவிடுவார்களாம்.

எனக்கு வருத்தம்தான். கைக்குழந்தையோடு ஒரு மகள் வீட்டோடு வந்து கிடக்கிறாள், கொளஞ்சி சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்று பிலோமினா சொன்னாள். அதற்காக நான் என்ன செய்ய முடியும்? நான் விசில் அடிக்கவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டுமா? இழுத்த கை என்னுடையது. என் தப்பு என்று ஆகியிருந்தால் அடுத்த வாரமே புலி முகம் வந்து இறங்கியிருக்கும். அதற்காகத்தானே எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

மே 11, ஞாயிறு

பூசைக்குப் போனேன். புதுச் சாமியாருக்குத் தொண்டை சரியில்லை. பிரசங்கம் ஒரு வார்த்தை விளங்கவில்லை.

மே 13, செவ்வாய்

நாளை முதல் ரயிலை ஓட்டலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. இன்ஜினைத் துடைத்தேன். சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டேன். விசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். கொஞ்சம் வெள்ளைப் பொடி வந்தது. வழக்கமான வேலைதான்.

இதாயத் பொடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். போய்க் கரியைச் சலிக்க ஆரம்பித்துவிட்டான்.

இன்றைக்கு இட்லி கல்லு மாதிரி இருந்தது. பிலோமினாவிடம் சொன்னேன். கரண்ட் பில் அதிகம், முன்வாசல் பல்பு எரியவில்லை, வீட்டுக்காரன் வெள்ளையடிக்க மாட்டேன் என்கிறான். ஒன்றா இரண்டா, எதைத்தான் எழுதுவது?

மே 14, புதன்

கேட்டில் லூர்துவைப் போட்டிருக்கிறார்கள். கொடியைத் தலைகீழாகப் பிடிக்கிறான்.

மதியம் இதாயத் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தான். உதடு தெரிகிற மாதிரி நிதானமாகப் பேசினான்.

"அண்ணே, அன்னைக்குக் காலையிலேயே விசில் கம்மிப்போச்சுன்னு சொன்னேன். தொழுகை முடிஞ்சு வந்து கழட்டிப் பாப்போம்னேன். சரின்னு தலையாட்டுனீங்க."

அவன் விசிலைக் காட்டிக் கையை ஆட்டியது ஞாபகம் இருக்கிறது. அவன் எப்போதும் எதையாவது காட்டிக் கையை ஆட்டிக்கொண்டுதான் இருப்பான். எல்லாவற்றுக்கும் நின்று விளக்கம் கேட்டால் ரயில் ஓடுமா?

"நேத்து வந்தது பொடியில்ல அண்ணே. கட்டி. வாயையே அடைச்சிருந்துச்சு. அதுல எப்புடி சத்தம் வரும்?"

"ஆவி போனா எனக்குத் தெரியாதாடா?" என்று கத்தினேன்.

"அந்த வெயில்ல ஆவி எங்க அண்ணே கண்ணுக்குத் தெரியும்? காதாலதான் தெரியணும்."

எழுந்து வந்துவிட்டேன். என்ன தைரியம்! நேற்று வரை "அண்ணே அண்ணே" என்று கரி அள்ளிப் போட்டவன் என்னைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறான். விசாரணையில் இதைச் சொல்லவில்லையே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்கிறான். இவன் நினைப்புக்கெல்லாம் நான் பொறுப்பா?

நான் கேட்டேன். விசில் எப்படிக் கூவும் என்று எனக்குத் தெரியாதா? கயிற்றில் கை வைத்தாலே எனக்குக் கேட்கும்.

மே 15, வியாழன்

தூக்கம் வரவில்லை. மாத்திரை வேலை செய்யவில்லை. மாத்திரைக் கம்பெனிக்காரனைச் சொல்ல வேண்டும்.

மே 16, வெள்ளி

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கூடத்தில் கொளஞ்சி உட்கார்ந்திருக்கிறார். பிலோமினா காப்பி கொடுத்திருக்கிறாள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானே முந்திக்கொண்டு குரலை உயர்த்தினேன். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். பிலோமினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் சொன்னதையெல்லாம் மறுபடி எனக்குச் சொன்னாள். எனக்கு எதற்கு மொழிபெயர்ப்பு என்று சீறினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொளஞ்சி சொன்னது இதுதான். "ஐயா பொய் சொல்ற ஆளு இல்ல. விசில் வந்துச்சுன்னு ஐயா சொன்னா வந்துதான் இருக்கும். எனக்குத்தான் காது போயிருச்சோன்னு பயந்து பெரியாஸ்பத்திரில போயிக் காட்டுனேன். காலையில போயி மத்தியானம் வரைக்கும் வரிசையில நின்னேன். காதுல மிசினு வெச்சுப் பாத்தாங்க. நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க."

என் வார்த்தையை நம்பி, தன் காதைச் சந்தேகப்பட்டு, ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருக்கிறாள் ஒரு பொம்பிளை. எனக்கு ஏன் அவள் மேல் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "யாரு ஒன்னைய அங்கெல்லாம் போகச் சொன்னது?" என்று அதற்கும் கத்தினேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஐஸ்கிரீம் கடை வந்திருக்கிறது. அதன் ஜெனரேட்டர் போடுகிற சத்தத்தில் விசில் அமுங்கிப் போயிருக்கலாம் அல்லவா? "ஐயா ஒரு தடவ கேட்டுல வந்து நின்னு பாருங்க. அந்தச் சத்தத்துல விசிலு கேக்காதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அம்மா என்னைய மறுபடி எடுத்துக்குவாங்க. ஒங்க மேலயும் பழி இல்ல, எம்மேலயும் பழி இல்ல."

நல்ல யோசனைதான். யாருக்கும் நஷ்டமில்லை. நாளைக்கே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஐஸ்கிரீம் கடைக்காரனை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. தண்டவாளத்தில் குச்சியைப் போட விடுகிறான்.

மே 17, சனி

இதாயத்துக்கும் ஓட்ட உத்தரவு உண்டு. "நீ ஒரு சுற்று எடு. புதருக்கு முன்னால் நீளமாக இழு" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கு வந்தேன். லூர்துவை நகரச் சொல்லிச் சங்கிலியைக் கையில் வாங்கிக்கொண்டேன். கொளஞ்சி துவைத்துக் கட்டிய புடவையோடு வேலிக்கு அந்தப்பக்கம் நின்றார். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

ஜெனரேட்டரை இன்னும் போடவில்லையே என்று கடைக்காரனைப் பார்த்துச் சத்தம் போட்டேன். அவன் முழித்தான். பிறகுதான் கவனித்தேன், அதன் குழாயிலிருந்து கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. மேலே வைத்திருந்த தகர டப்பா அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. கிட்டப் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் அதிர்ந்தது. சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் யாரோ மாவாட்டுவது போல இருந்தது.

திரும்பி வந்து புதருக்கு முதுகைக் காட்டி நின்றேன். வேண்டுமென்றுதான் அப்படி நின்றேன். காதுக்குப் பரீட்சை என்றால் கண்ணுக்கு அங்கே என்ன வேலை?

எனக்கு எதிரே, குளத்தங்கரை பெஞ்சில் ஒரு குடும்பம் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நீர்யானை மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. காத்திருந்தேன். இதாயத் கிளம்பத் தாமதம் செய்கிறான், வரட்டும் பேசிக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

பெஞ்சில் இருந்த இரண்டு பிள்ளைகளும் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டார்கள். சோற்றுக் கையோடு பொத்திக்கொண்டு, சிரித்தார்கள். அவர்கள் அம்மா என் தலைக்கு மேலே புதரைப் பார்த்தாள். ஐஸ்கிரீம் வரிசையில் நின்ற அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நீர்யானை முங்கிவிட்டது.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்றுமே இல்லை.

கை தன் பாட்டுக்குச் சங்கிலியை மாட்டிவிட்டது. கொடியைப் பிடித்தது. இன்ஜின் என் முதுகுக்குப் பின்னால் வந்து, பக்கத்தில் கடந்து போனது. தரை நடுங்கியது கால் வழியாகத் தெரிந்தது. இதாயத் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். வண்டியில் இருந்த பிள்ளைகள் கையாட்டினார்கள்.

சரியான நேரத்தில் சங்கிலி மாட்டியாயிற்று. பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வராது. கொளஞ்சி முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்த நம்பிக்கை வடிந்துவிட்டது. கிட்டே வந்தார். அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப இந்தச் சத்தத்துலயும் ஒங்களுக்குக் கேக்குதுங்கய்யா" என்றார். "அன்னைக்கு நாந்தான் பராக்கு பாத்துட்டேன் போலருக்கு."

தப்பே செய்யாதவள் தப்பை வாங்கிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என் மேல் ஒரு வார்த்தை கோபம் இல்லை. கும்பிட்டுவிட்டு வெளிக் கேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். இத்தனை நாளும் எத்தனை பேர் மேல் ஆத்திரப்பட்டேன். ரேஞ்சர் அம்மா மேல், கரிக்காரன் மேல், சாமியார் மேல், இதாயத் மேல். அப்போது வந்த ஆத்திரம் முழுக்க என் மேல்தான். அவள் பேசாமல் போய்விடுவாள். நான் நாளையும் இன்ஜினில் ஏறி உட்காரலாம். அடுத்த தடவை முழங்கையோடு போகாது.

"கொளஞ்சி, நில்லு" என்றேன். "எனக்குக் கேக்கல. இப்பவும் கேக்கல, அன்னைக்கும் கேக்கல. அன்னைக்கு விசிலு வரவேயில்ல. வா, ரேஞ்சர் அம்மாகிட்டப் போயிச் சொல்லுவோம்."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. பெஞ்சில் இருந்த பிள்ளைகள் மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.